அகர வரிசையில் ஒரு காளாஞ்சி

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து கடைகளுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் புரோகிராம்கள் எழுதுகிறேன். இணையத்தில் ஓடுகிறவை அல்ல. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, திரையில் இருக்கும் சின்னப் படத்தை இரண்டு முறை தட்டினால் திறக்கிற பழைய பாணிச் சாமான்கள். வெலிமடையில் மரக்கறி மொத்த வியாபாரி ஒருவர், லுணுகலையில் ஒரு மருந்துக் கடை, டவுனுக்குள் இரண்டு மூன்று ஹார்ட்வெயார் கடைகள். இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போய்க் கேட்டால் நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அந்தப் பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்கள் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வந்ததில்லை.

உண்மையில் என் வேலையில் பாதி, நானே வைத்த பிழைகளை நானே தேடிப் பிடிப்பது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் வருகிற தொல்லைகள்தான் எனக்கும் வருகின்றன. பட்டனை அழுத்தியதும் ஜன்னல் அப்படியே உறைந்து வெளிறிப்போகும். கடைக்காரர் போன் எடுத்து, "தம்பி, உங்க புரோகிராம் செத்துருச்சு" என்பார். போய்ப் பார்த்தால் பெரிய காரணம் ஒன்றும் இருக்காது. புரோகிராமுக்குள் திரையைக் கவனித்துக்கொள்ள வேண்டிய அதே ஆளைப் பிடித்து, ஆயிரம் சாமான்களின் விலையையும் எடுத்து வா என்று அனுப்பியிருப்பேன். கல்லாவில் இருக்கும் முதலாளியே குடோனுக்குள் போய்விட்டால் வாசலில் நிற்கிறவருக்கு யார் பதில் சொல்வது? அந்த வேலையைப் பின்னால் வேறோர் ஆளிடம் விட்டால் சரியாகிவிடும். இன்னொரு கடையில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். சேமிக்கிற இடத்தில் எழுத்தின் வகையை மாற்ற மறந்திருப்பேன். வேறொரு கடையில் என் கம்ப்யூட்டரில் குதித்து ஓடியது அவர்கள் கம்ப்யூட்டரில் வாயே திறக்காது. ஏதோ ஒரு கோப்பு என்னிடம் மட்டும் இருந்திருக்கும்.

இவற்றில் எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை. தேநீர் குடித்துக்கொண்டே திருத்திவிட்டு, "வைரஸ் மாதிரி ஒன்னு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பிழை செய்தால் வெட்கப்படுகிற ஆள் இந்தத் தொழிலில் ஒரு வாரம் நிற்க முடியாது. நான் வெட்கப்படுவது ஒரு பிழையைத் திருத்தியதற்கு.

எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளியையும் தாண்டி மேலே இருக்கிறது. பெயர் வேண்டாம். மற்றத் தோட்டங்களைப் போல அங்கேயும் ஒரு மாரியம்மன் கோயில், வருசத்துக்கு ஒரு திருவிழா. கரகம், பால்குடம், தீமிதி எல்லாம் முடிந்து, கடைசி நாள் காலையில் தேர் சுற்றி வந்து நிலைக்கு நின்ற பிறகு மத்தியானப் பூசை. அந்தப் பூசையின் முடிவில்தான் காளாஞ்சி. ஒரு தட்டில் தேங்காய் மூடி, வெற்றிலை, பாக்கு, பழம், விபூதி வைத்து, குடும்பத் தலைவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கழுத்தில் ஒரு மாலை போட்டு, குருக்கள் கையால் கொடுப்பது. தட்டில் இருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதில்தான் மரியாதை இருக்கிறது. அதற்காக அண்ணன் தம்பிகள் வருசக்கணக்கில் பேசாமல் இருந்த கதையெல்லாம் எங்கள் தோட்டத்தில் உண்டு.

முதலில் கோயில் தலைவர். பிறகு பழைய கங்காணிமார் வழி வந்த குடும்பங்கள். எங்கள் அப்பா அதில் ஒருவர். அதன் பிறகு மேல் லயம், நடு லயம், பணிய லயம் என்று இறங்கி வந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் சாக்கடைக் கான் ஓரமாகத் தனியே நிற்கும் சின்ன லயம். அங்கே இருப்பவர்கள் வாசக்கூட்டிகளின் குடும்பங்கள். தோட்டத்தின் கான்களையும் கக்கூசுகளையும் துப்புரவாக வைக்க வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து குடியேற்றியவர்களின் பேரப்பிள்ளைகள். எங்கள் தோட்டத்தில் இப்போது சாதியெல்லாம் யாருங்க பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள், கோயில் வரியும் எல்லோருக்கும் ஒன்றுதான். காளாஞ்சி வரிசை மட்டும்தான் பாக்கி.

சின்ன லயத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது தாண்டியிருக்கும். நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்துக் கானைச் சுத்தம் செய்ய வருவார். அம்மா தேத்தண்ணி கொடுப்பார், ஆனால் அவருக்கென்று ஒரு தகரக் குவளை வெளியே விறகு அடுக்கின் மேல் கவிழ்ந்திருக்கும். எங்கள் தோட்டத்தில் நான் முறை சொல்லிக் கூப்பிடாத ஆள் கிடையாது. மாமா, சித்தப்பா, பெரியம்மா, மதினி என்று சொந்தமே இல்லாதவர்களுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். இவரை மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. எதிரே வந்தால் சிரிப்பேன், அவரும் சிரிப்பார், அதோடு முடிந்தது. அவருடைய பெயர் அகரத்தில் தொடங்கும். அதைச் சொல்லவேண்டியது அவசியம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதனால் வந்தது.

காளாஞ்சி வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தவர் பழைய செயலாளர். அவர் போன வருசம் மகள் வீட்டோடு இருக்கக் கொழும்புக்குப் போய்விட்டார். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பொடியன்கள் கோயிலுக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "பேரெல்லாம் டிவில பெருசா வரணும்ப்பா. மைக்கில ஒருத்தன் அதப் பாத்து வாசிச்சா போதும். நம்ம இன்ஜினியர் இருக்கையில வெளியில எதுக்குத் தேடணும்?" என்றார். அவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, எனக்கு மாமா முறை. இன்ஜினியர் என்ற சொல் காதில் விழுந்ததும் சரி என்றுவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்று இதைத்தான் சொல்வார்கள்.

புரோகிராம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இடது பக்கம் பெயர்களின் பட்டியல், கீழே 'அடுத்தவர்' என்று ஒரு பட்டன். அழுத்தினால் அடுத்த பெயர், நட்சத்திரம், லயம் மூன்றும் டிவியில் பெரிய எழுத்தில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பெயர்களை வரிசைப்படி சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். அது சின்ன லயத்து மூத்தவரின் பெயர்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பிழை. ஒரே ஆளின் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள், கண்ணால் தேடினால் குழம்பிப்போகும். பட்டியலுக்கென்று விண்டோஸில் பல குணங்கள் உண்டு, நிறம், அகலம், எழுத்து என்று நீளமாக ஒரு பெட்டியில் இருக்கும். அதில் ஒன்று, பெயர்களை அகர வரிசையில் அடுக்குவது. அதற்கு நேராக 'ஃபால்ஸ்' என்று இருக்கும், 'ட்ரூ' என்று மாற்றினால் போதும். மாற்றினேன். பெயர்கள் அடுக்கி நின்றன, இரட்டிப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, நீக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது. எழுந்து போனேன். அந்தக் குணத்தைத் திரும்ப மாற்றவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். கோயில் பெயர்களைக் கடை அறையில் வைத்து விளையாட வேண்டாம் என்று ஒரு பக்தியில், வெலிமடை வியாபாரியின் மரக்கறிப் பட்டியலை ஏற்றிச் சோதித்தேன். உருளைக்கிழங்கு, கரட், கோவா, லீக்ஸ். நான் ஏற்றிய ஒழுங்கிலேயே டிவியில் வந்தன. மனம் குளிர்ந்து மூடிவைத்தேன். அவை முதலிலேயே அகர வரிசையில் இருந்தன என்பது எனக்கு உறைக்கவில்லை. எந்தச் சாமானுக்காகச் செய்கிறோமோ அந்தச் சாமானை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்வார்கள்.

திருவிழா நாள் மழை இல்லாமல் விடிந்தது. மத்தியானப் பூசை முடிந்து மணி ஓய்ந்ததும் தட்டுகளை வரிசையாக அடுக்கினார்கள். கோயில் முன் மண்டபத்தில் ஆண்கள், வெளியே கொட்டகையில் பெண்கள், பந்தலுக்கும் அப்பால் கேட்டுக்கு வெளியே சின்ன லயத்து ஆட்கள். அவர்களை அங்கே நில் என்று யாரும் சொல்லவில்லை. அங்கேதான் நிற்பார்கள். நான் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு, புதுச் சேட்டு போட்டுக்கொண்டு இருந்தேன். மைக்கில் லுணுகலையிலிருந்து வந்த சவுண்ட் செட்காரர். குருக்கள் பதுளையிலிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் எங்கள் தோட்டத்தில் யாரையும் தெரியாது.

பட்டனை அழுத்தினேன். அழுத்திவிட்டு டிவியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தேன். பெயர்கள் டிவியில் பெரிதாக வருவதைப் பார்த்து ஆட்கள் எப்படி வியக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. சவுண்ட் செட்காரர் நல்ல கணீரென்ற குரலில் வாசித்தார். "முதல் காளாஞ்சி..." என்று இழுத்து, சின்ன லயத்து மூத்தவரின் பெயரைச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை. தலைவர் மாமா மாலைக்காகக் கழுத்தைச் சற்றே முன்னால் நீட்டியவர் அப்படியே நின்றார். சவுண்ட் செட்காரர் ஆள் தூரத்தில் இருக்கிறார் போல என்று நினைத்து மறுபடியும், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே மூத்தவரின் மனைவி அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவர் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். மூன்றாவது முறை கூப்பிட்டதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார். பிறகு உள்ளே வந்தார்.

ஆட்கள் விலகி வழி விட்டார்கள். மரியாதையா, திகைப்பா என்று சொல்லத் தெரியவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் நேரே அம்மனைப் பார்த்துக்கொண்டு வந்தார். குருக்கள் மாலையை எடுத்துப் போட்டார், தட்டைக் கையில் கொடுத்தார், நெற்றியில் விபூதி இட்டார்.  அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல விரிந்து கிடந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. கொட்டகைப் பக்கம் யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். அவளுக்கு வரிசையெல்லாம் ஞாபகத்தில் இல்லை போல.

அதற்குள் முன் வரிசையில் முணுமுணுப்பு எழும்பிவிட்டது. தலைவர் மாமா என் மேசைக்கு வந்தார். அவர் கோபப்பட்டார் என்று சொன்னால் பொய். குழம்பிப்போயிருந்தார். குனிந்து மெல்லக் கேட்டார்.

"என்னாப்பா இது? பிழையா, இல்ல இதுல இப்படித்தான் வருமா?"

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை எனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படித்தான் வரும் மாமா, கம்ப்யூட்டர் அகர வரிசையில்தான் கூப்பிடும், எல்லோருக்கும் பொது என்று நான் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் நம்பியிருப்பார். என் வாயிலிருந்து வருகிறதை வேதவாக்காக நம்புகிற ஆள் அவர். முணுமுணுத்தவர்களுக்கும் கம்ப்யூட்டரோடு சண்டை போடத் தெரிந்திருக்காது. சாமி முன்னால் நடந்தது, அப்படியே போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்தத் தோட்டத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அன்று நான்தான்.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர், "வேணும்னே செஞ்சிருக்கான்" என்றது காதில் விழுந்தது.  வேண்டுமென்று செய்யும் துணிச்சல் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தப் பெயரும் எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

"பிழைதான் மாமா," என்றேன்.

"அப்ப மைக்கில சொல்லிரு. நீயே சொன்னாத்தான் ஆளுங்க கேப்பாங்க."

மைக்கை வாங்கினேன். தோட்டத்தில் யாரும் பேசாத பத்திரிகைத் தமிழில் பேசினேன். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பெயர் வரிசை மாறிவிட்டது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும், காளாஞ்சி மீண்டும் முதலிலிருந்து வழங்கப்படும் என்று. நான்கு ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். தேயிலை மலைக்கு அந்தப் பக்கத்துக்கும் கேட்டிருக்கும்.

அவர் இன்னும் மண்டபத்தின் நடுவில்தான் நின்றிருந்தார். யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவராகவே தட்டைக் கொண்டுபோய் மற்றத் தட்டுகளோடு வைத்தார். மாலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலாக, பூ உதிராமல் எடுத்து, அந்தத் தட்டின் மேலேயே வைத்தார். அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாகவே நகர்ந்து கேட்டுக்குப் போனார். குருக்கள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்று பூசாரி கொடுத்துவிட்டார். பறித்தது நான்.

பிறகு லெப்டொப்பில் புரோகிராமைத் திறந்தேன். டிவியின் இணைப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். நான் செய்ததெல்லாம் பெரிய எழுத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. குணங்களின் பெட்டியில் கீழே கீழே போய், அந்த வரியைக் கண்டுபிடித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தமாக வாசித்தார்கள். "ட்ரூ." மாற்றினேன். "ஃபால்ஸ்" என்று சேர்ந்து கத்தினார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் பார்க்க நான் வேலை செய்ததில்லை.  காது இரண்டும் எரிந்தன. மறுபடி ஓட்டினேன், கோப்பில் இருந்த ஒழுங்கிலேயே பெயர்கள் ஏறின. தலைவர் மாமாவின் பெயர் முதலில் வந்து நின்றது.

"பாத்தீங்களா, ஒரு நிமிசத்துல சரி பண்ணிட்டான்!" என்று யாரோ சொன்னார்கள். கை தட்டினார்கள். உண்மையாகவே கை தட்டினார்கள்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. மாமா வாங்கினார், அப்பா வாங்கினார், மேல் லயம், நடு லயம், பணிய லயம் என்று இறங்கிப்போனது. நான் ஒவ்வொரு பெயருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே, கடைசிப் பெயர் வரும்போது அவர் அங்கே இருக்கக்கூடாது என்று அம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போயிருப்பார், ரோசம் உள்ள ஆள் என்றால் போயிருப்பார். என் நிம்மதிக்கு அவர் ரோசப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கடைசிப் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். அம்மன் கூப்பிட்டு வராமல் இருக்கலாமா என்பது அவர் கணக்கு. மாலைகள் பங்கிட்டு முடிந்து ஒன்றுதான் பாக்கி இருந்தது. சற்று முன்னால் அவர் கழற்றி வைத்த அதே மாலைதானா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

தட்டோடு திரும்பும்போது என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். நின்றார். உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"இப்ப சரியாயிருச்சுங்களா தம்பி?"

"சரியாயிருச்சு," என்றேன்.

"அதுதான் வேணும்," என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அன்னதானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா, "நல்ல வேளை சமாளிச்சிட்ட" என்று என் இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னார். அதைத் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருசத் திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தலைவர் மாமா போன் எடுத்தார். கோயில் குழு கூடிப் பேசியிருக்கிறது. போன முறை மாதிரி ஆகாதபடி வரிசையைக் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் பூட்டிவிட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண். குடும்பத் தலைவர் மாறினாலும் மகனுக்கு அதே எண் தானாக வர வேண்டும். நான் கேட்டுக்கொண்டு, "செய்யலாம் மாமா" என்றேன். தொழில் முறையில் பார்த்தால் அவர்கள் கேட்டது நியாயம். சேர்த்த ஒழுங்கிலேயே பெயர்கள் திரும்பி வரும் என்று நம்பியிருப்பது கற்றுக்குட்டி வேலை. வரிசை முக்கியம் என்றால் அதற்கென்று ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். அதுதான் சரியான தீர்வு. ஆனால் அதுவரை ஆட்களின் மனதில் மட்டும் இருந்த ஒன்று, மறந்துபோகவாவது வாய்ப்பிருந்த ஒன்று, இனி என் புரோகிராமுக்குள் இருக்கும். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்ன லயத்து மூத்தவர் வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்கு வந்தவர், அப்படியே இங்கே ஏறி வந்திருக்கிறார். "வாங்க" என்று எழுந்தேன். அதற்குப் பின்னால் ஒரு சொல் வர வேண்டும், மாமா என்றோ அண்ணே என்றோ. தேடினேன். வரவில்லை. திரையில் அந்தப் பட்டியல் திறந்து கிடந்தது, கடைசி எண்ணுக்கு நேரே அவர் பெயர், அதன் கீழே வாரிசு என்று அவர் மகனின் பெயர். அவர் உள்ளே வருவதற்குள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. மகளுடைய போனைக் கொண்டு வந்திருந்தார். அதில் ஒரு படம். மண்டபத்தின் நடுவில் அவர், கழுத்தில் மாலை, கையில் தட்டு, முகத்தில் அந்தச் சிரிப்பு. மகள் கேட்டுக்கு வெளியே நின்று எடுத்திருக்கிறாள். கொஞ்சம் ஆடியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"இதப் பெருசா போட்டுத் தருவீங்களா தம்பி? வீட்டுல மாட்ட."

நான் போனைக் கேபிளில் இணைத்தேன். இத்தனை மாதமும் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அன்னைக்கு நான் மைக்கில..." என்று தொடங்கினேன். அவர் கையை ஆட்டிச் சிரித்தார்.

"அட, அதுக்கு நீங்க என்னாங்க செய்வீங்க? மெஷினுக்கு எங்கள யாருன்னு தெரியாது. அதான் கூப்பிட்டுருச்சு."

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. படம் வெளியே வந்ததும் இரண்டு கையாலும் வாங்கினார், தட்டை வாங்கியது போலவே. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிழையா வந்ததுன்னு இதுல தெரியாதுதானுங்களே?"

"தெரியாது," என்றேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. படத்தை ஆஸ்பத்திரிக் கொப்பிக்குள் மடியாமல் வைத்து, கவனமாகப் படி இறங்கிப் போனார். பஸ் நிலையத்தின் கூட்டத்தில் அவர் மறையும் வரை ஜன்னலில் நின்றேன். பிறகு வந்து உட்கார்ந்து திரையை என் பக்கம் திருப்பினேன். குழு கேட்டபடியே எண்களைப் பூட்டினேன். இந்த முறை கோயில் பெயர்களை வைத்தே, முதலாவதிலிருந்து கடைசி வரை, பட்டனை அழுத்தி அழுத்திச் சோதித்தேன். ஒரு பிழையும் வரவில்லை.